கையேந்தி நின்றவர்கள்

புதுச்சேரி நகரிலிருந்து மேற்கே ஊசுடு ஏரியைக் கடந்து வடக்கு நோக்கிச் சென்றால் சேதராப்பட்டு என்னும் ஊர் வரும். இன்று பலருக்கும் அது ஒரு தொழிற்பேட்டையின் பெயராகவே அறிமுகம். வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த அவ்வூரைத் தமிழகத்தின் வானூர் வட்டத்து ஊர்கள் நெருங்கிச் சூழ்ந்துள்ளன. புதுச்சேரி நிலப்பகுதியின் அமைப்பே அத்தகையது. ஒரு வயல் பிரெஞ்சுக்காரருடையதாகவும், அடுத்த வயல் ஆங்கிலேயருடையதாகவும் இருந்த காலம் ஒன்று உண்டு. அந்த வரப்புகள் நெடுங்காலம் இரு பேரரசுகளின் எல்லைகளாக விளங்கின.

எல்லைகள் மண்ணில் இருந்தன. வானம் அவற்றை அறியவில்லை. 1876-இல் பருவமழை பொய்த்தது. தென்னிந்தியாவைச் சூறையாடிய அந்தப் பெரும் பஞ்சத்தை நம் முன்னோர் 'தாது வருடப் பஞ்சம்' என்று அழைத்தனர். 1878 வரை நீடித்த அதில், ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஏறத்தாழ 55 லட்சம் பேர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. அந்நாட்களில் புதுச்சேரி மறைத்தளத்தில், சிறப்பாகச் செங்கற்பட்டு, ஆற்காட்டுப் பகுதிகளில், ஏழை எளிய மக்கள் கூட்டம் கூட்டமாக வேதத்தில் சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த உழவுக் கூலிகள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று நம் பங்குகளில் நம்மோடு திருப்பலியில் நிற்கின்றனர்.

அவர்களைக் குறித்து ஒரு சொல் நெடுங்காலமாக நம்மிடையே வழங்கி வருகிறது. 'கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள்' என்பதே அச்சொல். புறச்சமயத்தார் மட்டும் சொன்ன சொல் அன்று அது. தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக் கொள்வோரும் சொன்னது. நாமும் அதைக் கேட்டிருக்கிறோம், கேட்டும் வாளாவிருந்திருக்கிறோம். அச்சொல்லை ஒருமுறை நற்செய்தியின் முன் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாறு வைத்துப் பார்க்கும்போது விசாரணைக் கூண்டில் நிற்பவர் யார் என்பது நமக்குத் தெளிவாகும்.

ஒரு குருவின் கணக்கு

தாது வருடத்துக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இக்கேள்வி புதுச்சேரி மறைத்தளத்தில் எழுந்துவிட்டது. அதை எழுப்பியவர் அபே துபுவா. பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த அவர் 1792-இல் பிரான்சிலிருந்து புறப்பட்டுப் புதுச்சேரி மறைத்தளத்துக்கு வந்தார். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் நாட்டில் சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்றுசேர்க்கும் பணியை ஏற்றார். மக்களுள் ஒருவராய் உடுத்து, உண்டு, வாழ்ந்தார். அம்மைத் தடுப்பூசியைப் பரப்பினார். உழைப்பில் அவர் குறைவைத்தார் என்று எவரும் சொல்ல இயலாது.

ஆயினும் 1823-இல் அவர் இந்தியாவை விட்டு நீங்கியபோது மனம் கசந்து நீங்கினார். அதே ஆண்டு இலண்டனில் வெளிவந்த அவருடைய கடிதங்கள், இந்நாட்டு மக்களைக் கிறிஸ்தவர்களாக்க மனித முறையில் வழியே இல்லை என்று வாதிட்டன. தம் இருபத்தைந்து ஆண்டுப் பணியில் இருநூறு முந்நூறு பேரையே மனந்திருப்ப முடிந்தது என்று அவர் கணக்குக் காட்டினார். அவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் தாழ்த்தப்பட்டோரும் இரந்துண்போரும் என்றும், ஏனையோர் திருமண உறவு போன்ற ஏதோ ஒரு நலம் கருதி வந்தோர் என்றும் எழுதினார். சென்னையில் பணியாற்றிய ஆங்கிலிக்கன் குரு ஜேம்ஸ் ஹஃப் 1824-இல் அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டார்.

துபுவாவின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. தோல்வியைத் தோல்வி என்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. ஆனால் அவர் கையில் வைத்திருந்த அளவுகோலைச் சற்று உற்று நோக்க வேண்டும். வந்தவன் யார், எதற்காக வந்தான், அவன் நோக்கம் தூயதா என்பவையே அவருடைய கேள்விகள். ஏழையின் வருகை அவருடைய ஏட்டில் பாதிக் கணக்காகவே பதிந்தது. வயிறு காய்ந்தவனின் நம்பிக்கையை நாம் இன்றும் இதே அளவுகோலால்தான் அளக்கிறோம்.

தாது வருடம்

1877-இல் பஞ்சம் உச்சத்தை எட்டியது. சென்னை மாகாணத்தில் நிவாரணச் செலவைக் குறைப்பதற்கென இந்திய அரசு ரிச்சர்டு டெம்பிள் என்பவரை அனுப்பியது. உடல் வலிமை உள்ளோர் உழைத்தால்தான் நிவாரணம் பெறலாம். அதுவும் வீட்டைவிட்டுத் தொலைவிலுள்ள வேலைத்தளத்தில் தங்கி உழைக்க வேண்டும். ஓர் ஆண் மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக்கிலோவுக்கும் குறைவான தானியமும் ஓரணாவும் கூலி என்று டெம்பிள் விதித்தார். அந்த அளவு உயிர் தரிக்கப் போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். 1877 மார்ச்சில் சென்னை அரசு அதைச் சற்றே உயர்த்தியது. சென்னையிலிருந்து மரக்காணம் நோக்கித் தெற்கே நீளும் பக்கிங்காம் கால்வாயில், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி இத்தகைய பஞ்ச வேலையாகவே வெட்டப்பட்டது.

இந்த ஏற்பாட்டின் உள்ளே ஓடிய எண்ணத்தை நாம் கவனிக்க வேண்டும். தகுதி உள்ளவனுக்கே உணவு. தகுதியை அவன் தன் உடலால் மெய்ப்பிக்க வேண்டும். தகுதியற்றவனுக்கு இரங்கினால் அவன் சோம்பேறியாகிவிடுவான். எலும்பும் தோலுமாய் நின்றவனிடம், 'நீ உண்மையிலேயே பசித்தவன்தானா?' என்று அது கேட்டது.

அதே ஆண்டுகளில் புதுச்சேரியின் அப்போஸ்தலிக்கப் பதிலாளாக இருந்தவர் ஆயர் லவெனான். 1886-இல் இந்தியாவில் திருச்சபை ஆட்சியமைப்பு நிறுவப்பட்டபோது அவரே புதுச்சேரியின் முதல் பேராயரானார். அவர் ஆட்சிக்குட்பட்ட வட ஆற்காட்டில், சேதராப்பட்டின் பெயரை நினைவூட்டும் மற்றோர் ஊர் உண்டு, அது சேத்துப்பட்டு. அங்கே தாராஸ் சுவாமிகள் என்று மக்கள் இன்றும் அன்போடு நினைவுகூரும் பிரெஞ்சுக் குரு உழைத்துக் கொண்டிருந்தார். பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு அவர் உதவினார். ஆயிரக்கணக்கானோர் அவரிடம் திருமுழுக்குப் பெற்றனர். இங்கே சேதராப்பட்டின் கொம்யூன் தலைமையூரான வில்லியனூரில் லூர்து அன்னையின் திருத்தலம் எழுந்ததும் அதே பஞ்ச ஆண்டுகளில்தான். இரு ஊர்களிலும் மக்கள் வணங்கும் அன்னை ஒருத்தியே.

லூர்தை நினைக்கும்போது பெர்னதெத் நினைவுக்கு வருகிறார். 1858-இல் அன்னையின் காட்சி பெற்ற அச்சிறுமியின் குடும்பம் அப்போது குடியிருந்தது பழைய சிறைச்சாலையின் ஓர் அறையில். அதற்கு முந்திய ஆண்டு, மாவு திருடியதாக ஐயுறப்பட்டு அவருடைய தந்தை சிறையிலும் அடைக்கப்பட்டார். தகுதிச் சான்று கேட்டிருந்தால் அக்குடும்பத்தின் கையில் காட்டுவதற்கு எதுவும் இருந்திராது. மாவின்றித் தவித்த வீட்டைத்தான் அருள் தேடிச் சென்றது. அந்த லூர்தின் பெயரால் கோயில் கட்டிய நாம், கஞ்சிக்காக வந்தவரை எள்ளலாமா?

இளைய மகனின் பசி

மீட்பு நம் முயற்சியால் ஈட்டப்படுவதா, கடவுள் தருவதா என்னும் கேள்வி திருச்சபையில் மிகப் பழையது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் என்னும் துறவி, மனிதன் தன் மனஉறுதியாலேயே நன்னெறியில் நிற்க முடியும் என்று போதித்தார். புனித அகுஸ்தீன் அதை எதிர்த்துத் தம் வாழ்நாளின் இறுதிவரை எழுதினார். 418-இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தது. 529-இல் கூடிய ஆரஞ்சு சங்கம் ஒருபடி மேலே சென்று, நம்பிக்கையின் தொடக்கமும் நம்ப வேண்டும் என்னும் விருப்பமும்கூட அருளின் கொடையே என்று அறுதியிட்டது. 1547-இல் திரிதெந்து பொதுச்சங்கம், மனிதன் ஏற்புடையவனாவதற்கு முன் அவனிடமுள்ள எதுவும் அந்த அருளை ஈட்டித் தருவதில்லை என்று கற்பித்தது. அருளுக்கு இசைந்து மனிதன் ஒத்துழைக்க வேண்டும் என்பதையும் அது வலியுறுத்தத் தவறவில்லை.

இக்கேள்வி தமிழ் மண்ணுக்கும் புதிதன்று. வைணவப் பெரியோர் இதைக் குரங்கு, பூனை ஆகிய இரண்டின் குட்டிகளைக் கொண்டு விளக்கினர். குரங்குக் குட்டி தாயின் மடியைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டியையோ தாய் வாயால் கவ்விச் செல்லும். வடகலையார் முன்னதையும் தென்கலையார் பின்னதையும் உவமையாக்கினர். கத்தோலிக்கப் போதனை இவ்விரண்டில் எதனோடும் முற்றும் பொருந்துவதில்லை. ஆயினும் உவமையின் மொழியிலேயே சொல்வதானால், பற்றிக்கொள்ளும் குட்டியின் கைவலிமையும் தாய் ஊட்டிய பாலிலிருந்து வந்ததே என்று நாம் சொல்லலாம்.

இப்போது ஆரஞ்சு சங்கத்தின் போதனையைத் தாது வருடத்தின் அருகில் வைப்போம். நம்பிக்கையின் முதல் அசைவும் கடவுளிடமிருந்து வருவதென்றால், பசித்தவன் கோயில் வாசலை நோக்கி எடுத்து வைத்த முதல் அடியை 'வெறும் வயிற்றுப் பசி' என்று தள்ளிவிட நமக்கு உரிமை ஏது? லூக்கா நற்செய்தியின் இளைய மகனைப் பாருங்கள். தந்தையின் மேல் பொங்கியெழுந்த பாசத்தாலா அவன் வீடு திரும்பினான்? பஞ்சம் வந்தது, பன்றிகளின் தீனிகூட அவனுக்குக் கிட்டவில்லை, தந்தையின் கூலியாட்களுக்கு வயிறார உணவு உண்டு என்பது நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்கும் சொற்களைக்கூட அவன் கூலிக்கான விண்ணப்பமாகவே அமைத்துக் கொண்டான். நாம் எள்ளும் சொல்லைக் கொண்டு சொல்வதானால், அவனும் கஞ்சிக்காக வந்தவனே!

தந்தையோ அவன் நோக்கத்தை ஆராயவில்லை. தொலைவில் வரும்போதே கண்டு, ஓடிச் சென்று தழுவிக்கொண்டார். கூலியாளாகச் சேர வந்தவனுக்கு மோதிரமும் மிதியடியும் கிடைத்தன. அவ்வீட்டில் கணக்குப் பார்த்தவன் ஒருவனே: தான் உழைத்த ஆண்டுகளை எண்ணிக்கொண்டு வெளியே நின்ற மூத்த மகன். அவன் கணக்குப் பொய்யன்று. ஆனால் அக்கணக்கே விருந்துக்கும் அவனுக்கும் இடையே சுவராயிற்று.

அப்பம் உண்டதற்காகத் தம்மைத் தேடிவந்த மக்களை ஆண்டவர் கடிந்தாரே என்று சிலர் கேட்கலாம். கடிந்தது உண்மை. ஆயின் கடிந்தபின் அவர்களைத் துரத்திவிடவில்லை. அழியாத உணவைப் பற்றிய நெடிய போதனையை அவர்களுக்குத்தான் வழங்கினார். அப்பத்துக்காக வந்தவரை அப்பத்தோடு நிறுத்திவிடாமல் மேலும் அழைத்துச் செல்வதே மேய்ப்பரின் கடமை. தாது வருடத்துக்குப் பின் சிலர் பழைய நிலைக்குத் திரும்பினர் என்றால், அவர்களுடைய நம்பிக்கையின் குறையைப் பேசுமுன், அவர்களுக்குப் போதனையும் கல்வியும் சமமான இடமும் கிடைத்தனவா என்று வினவ வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மக்களை மனந்திருப்பக் கடவுளே பஞ்சத்தை அனுப்பினார் என்று சொல்லத் துணிவது கொடுமை. மழை பொய்த்தது இயற்கை. மக்கள் மடியும்போதே தானியம் கப்பலேறியது மனிதர் செய்கை. கடவுளை நம்புவது என்பது கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் அன்று. அருளை நம்பிய தாராஸ் சுவாமிகள் ஓயாமல் உழைத்தார். எல்லாம் கடவுளின் கொடை என்று அறிந்தவன் பிறருக்குக் கொடுக்கையில் தகுதி பார்ப்பதில்லை. அருளைப் பற்றிய போதனை நம் வாழ்வில் தரும் முதற்கனி அதுவே.

சுவர்

தன்னை நம்புவது என்றால் தன் அறச்செயல்களை நம்புவது மட்டும் என்று நாம் எண்ணுகிறோம். தன் குலத்தை நம்புவதும், தன் குடும்பம் வேதத்தில் சேர்ந்த பழமையை நம்புவதும் அதன் வேறு வடிவங்களே. இதற்குப் புதுச்சேரியிலேயே பழைய சான்று உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்த ஒன்றைக் குறிக்கிறார். அப்போது இயேசு சபையாரின் பொறுப்பில் இருந்த சம்பா கோயிலுக்குள், சாதிக் கிறிஸ்தவரையும் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவரையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டு சென்று குருவிடம் முறையிட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. உடனே மறுசாரார் சினந்து எழுந்தனர். சுவர் நின்ற இடத்தில் நாற்காலிகளை வரிசையாக இட்டு மறைப்பு உண்டாக்கினர்.

அக்கோயில் இன்று இல்லை. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபின் அது இடித்துத் தகர்க்கப்பட்டது. ஆனால் அந்த நாற்காலிகள்? கல்லறைத் தோட்டத்திலும், தேர்த் திருவிழாவிலும், மணப்பேச்சிலும் அவை வேறு வேறு உருவில் நம்மிடையே இடப்பட்டே வருகின்றன. 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டியிருந்தது என்பதே அவை இன்னும் அகலவில்லை என்பதற்குச் சான்று.

'கஞ்சிக்காக வந்தவர்கள்' என்பதும் அத்தகையதொரு நாற்காலிதான். அவர்கள் தகுதியின்றி வந்தார்கள், நாம் தகுதியோடு வந்தோம் என்று அச்சொல் சொல்லாமல் சொல்கிறது. கோயிலில் முன்னே நின்று தன் நோன்பையும் காணிக்கையையும் எடுத்துரைத்த பரிசேயனின் மன்றாட்டு, தமிழில் இப்படியும் ஒலிக்கக்கூடும். நம் முன்னோர் எதற்காக வந்தனர்? அரசனின் பாதுகாப்புக்காக வந்தவர் உண்டு. வணிகத்துக்காக வந்தவர் உண்டு. உறவினர் சேர்ந்ததால் சேர்ந்தவர் உண்டு. நம்மில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் வீட்டில் பிறந்ததைத் தவிர வேறெந்த முயற்சியும் செய்தவரல்லர். நோக்கத்தின் தூய்மையை அளந்துதான் மீட்பு வழங்கப்படுமெனில் நம்மில் எவர் நிலைக்க முடியும்?

1999 அக்டோபர் 31-ஆம் நாள் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஏற்புடைமை பற்றிய கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. நாம் கடவுளால் ஏற்கப்படுவது நம் தகுதியாலன்று, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொள்ளும் நம்பிக்கையில், அருளினாலேயே என்பதை இரு சபைகளும் ஒருமித்து அறிக்கையிட்டன. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிந்து நின்றவர்கள் இதில் ஒன்றுபட முடிந்தது. ஒரே பங்கின் இரு தெருக்கள் இதே உண்மையில் ஒன்றுபட இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டும்?

தாது வருடப் பஞ்சம் உச்சத்திலிருந்த 1877-இல், பிரான்சில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று தன் தாயை இழந்தது. அக்குழந்தையே பின்னாளில் லிசியே நகரின் கார்மேல் மடத்துத் தெரேசா. இறப்பதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1895 ஜூன் 9-ஆம் நாள், தம்மைக் கடவுளின் இரக்கத்துக்குக் கையளித்து ஒரு மன்றாட்டு எழுதினார். வாழ்வின் மாலையில் வெறுங்கையோடு இறைவன் முன் வருவேன், என் செயல்களை எண்ணிப் பார்க்க வேண்டாம் என்பது அம்மன்றாட்டின் கருத்து. 1997-இல் திருச்சபை அவரை மறைவல்லுநர் என்று அறிவித்தது. மறைவல்லுநர் ஒருவர் இறைவன் முன் கொண்டுசெல்ல விரும்பியதும் வெறுங்கையே!

அடுத்த ஞாயிறு நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போது நம் கைகளைச் சற்றே நோக்குவோம். அவை குவிந்து, வெறுமையாய், முன்னே நீண்டிருக்கும். நமக்கு முன்னே நிற்பவரின் பாட்டனார் தாது வருடத்தில் கஞ்சிக்காகக் கையேந்தியவராக இருக்கலாம். நம் கையும் அதே நிலையில்தான் இருக்கிறது. அதில் விழப்போவதும் நாம் விளைவிக்காத அப்பம். அவ்வரிசையில் கையேந்தாமல் நிற்பவர் எவருமில்லை.